இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

காலை பத்து நாற்பதுக்கு, மேஜைமேல் இருந்த மூன்று எஞ்சின்களில் எது வேண்டும் என்று சென்னியப்பன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மூன்றும் படங்கள்தான். ஷோரூம் பெண் சுகன்யா டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். சாதா பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல். வண்டி ஒன்றுதான், வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வயிற்றுக்குள் இருப்பதுதான் வேறு. "சாதா பெட்ரோல்லயும் டீசல்லயும் கியர் நாமதான் போடணுங்க சார். ஆட்டோமேட்டிக் வேணும்னா டர்போ பெட்ரோல்ல மட்டுந்தானுங்க வருது," என்றாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜெயமணி, "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட எங்க ஊட்டுக்காரரு இத்தன நேரம் யோசிக்கலீங்க கண்ணு. காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டாரு," என்றாள். "அப்ப ஆப்ஷன் ஒண்ணுதானுங்களேம்மா," என்று சுகன்யா சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அவர் மனம் மேஜையில் இல்லை, ரோட்டில் இருந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுப்பதாகப் பேச்சு. வண்டியைப் பார்த்து மதிப்புச் சொல்கிற பெலிக்ஸ் என்பவர் பத்தரைக்கு வந்து, "ஹோப்ஸ் சிக்னல் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேனுங்க, முக்கா மணி நேரம்," என்று சாவியை வாங்கிக்கொண்டு போயிருந்தார். பத்து நிமிடம் ஆகிவிட்டது. இப்போது முதல் சிக்னலில் நிற்பார். பச்சை விழும். முதல் கியர். அவருடைய இடது கால் கீழே போகும், மெல்ல மேலே வரும், வண்டி நகரும். அந்த ஒரு நகர்தல் போதும். தெரிந்தவனுக்கு நூறு அடி ஓட்டினால் தெரிந்துவிடும், அந்த வண்டியின் கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை, அன்றைக்கும் இருந்ததில்லை என்று. சென்னியப்பனுக்கு அது ஐந்து மாதமாகத் தெரியும்.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழேகால். அடுக்ககத்தின் கார் நிறுத்தத்திலிருந்து வெளிக் கேட்டுக்கு ஏறும் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, காவலாளி கேட்டைத் திறப்பதற்காகக் காத்திருந்தார். கியரில்தான் இருந்தது. இடது கால் கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார், நினைத்தார் என்பதுதான் சரி, ஏனென்றால் அந்தப் பாதத்தில் ஒரு வருடமாகவே எதுவும் சரியாகத் தெரிவதில்லை, சர்க்கரை, பஞ்சு மூட்டையின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும், காலையில் செருப்பைப் போட்டோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கால் எப்போது நழுவியது என்று அவருக்குத் தெரியாது. வலது கால் ஆக்சிலரேட்டர்மேல் இருந்தது. வண்டி ஒரு எட்டு எட்டிப் பாய்ந்து கேட் ஓரச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி. நீலம். நான்கு காலும் நான்கு திசைக்குப் போய், உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்து. காவலாளி கேட்டைத் திறக்க எழுந்து மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்த முகம், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், டீசலின் இழுவை இருநூற்றைம்பது நியூட்டன் மீட்டர், டர்போ பெட்ரோல் நூற்றெழுபத்திரண்டு, அந்த முகத்தில் கோபமே இல்லை. பால் வாங்கப் போனவர்கள், நடை போய் வந்தவர்கள், ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். அடுக்ககச் செயலாளர் வரதராஜ்தான் முதலில் கேட்டது. "என்னாச்சுங்க சார்? கிளட்ச் புடிக்கலீங்களா? நேத்துத்தான அங்கமுத்து பிளேட் மாத்துனாரு?" சென்னியப்பன் பொய் சொல்லவில்லை. இதை ஐந்து மாதத்தில் ஐநூறு தடவையாவது தனக்குள் சொல்லியிருப்பார், நான் பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அப்புறம்தான் சொன்னார். "பிளேட்டு சரியா உக்காரலை." நான்கே நொடி. அதை வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு பேச்சோடு போயிருக்கும். சொன்னது சென்னியப்பன். பீளமேட்டுப் பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனை. வார்ப்படத்தைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டு, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டால் அது திரும்ப உலைக்குத்தான் போகும். முதலாளி வந்து கேட்டாலும் குறியை அழிக்க மாட்டார் என்று பெயர். அடுக்ககத்தில் யார் மிக்ஸி வாங்கினாலும், மோட்டார் மாற்றினாலும், சார் பார்த்துவிட்டாரா என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கு மத்தியானமே வரதராஜ் வாட்ஸப் குழுவில் எழுதினார். மெக்கானிக் அங்கமுத்து செய்த கோளாறான வேலையால் இன்று பெரிய விபத்து நூலிழையில் தவிர்க்கப்பட்டது, சென்னியப்பன் சார் நேரில் உறுதி செய்துள்ளார், இனி அவரை வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம். அதன் கீழே கும்பிட்ட கைகள் இருபத்தெட்டு. சென்னியப்பனும் ஒன்று போட்டார். போடாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று போட்டார்.

"சார், ஏறி உக்காந்து பாருங்க சார். படத்துல பாத்தா என்னங்க தெரியும்," என்று சுகன்யா எழுந்தாள். நடுக்கூடத்தில் டீசல் நின்றுகொண்டிருந்தது, வெள்ளை, தரையிலிருந்து உயரமான தளம். ஏறும்போது இடது கையால் மேல்பிடியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்தார். இப்படி ஏறுவது அவருக்கு இப்போது பழக்கம், பார்ப்பவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது, தெரியாது என்றுதான் நினைத்தார். இருக்கைத் தோல் வாசனை, புது ரப்பர் வாசனை, கண்ணாடிக்கு வெளியே ஜெயமணி கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டு நின்றாள். அங்கே இன்னொரு வண்டியை யாருக்கோ டெலிவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலை, குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு ஆள் போட்டோ எடுக்க, எல்லாரும் சிரிக்க. "கிளட்ச்ச அமுக்கிக்கிட்டே இந்தப் பட்டனத் தட்டுங்க சார், டிஸ்ப்ளே எல்லாம் வரும். கிளட்ச் அப்படியே வெண்ணெ மாதிரிங்க." சென்னியப்பன் இடது காலை நீட்டினார். பெடல் எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லவில்லை. முட்டி சொல்லும். முட்டி இவ்வளவு நீண்டால் பாதம் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தொடையை வைத்துக் கணக்குப் பண்ணித்தான் கடைசி ஒரு வருடம் பழைய வண்டியை ஓட்டினார், அதற்கு அந்த வண்டி பழக்கம், பதினோரு வருடம். இது புது வண்டி, இருக்கை உயரம் வேறு, கணக்கு வேறு. அமுக்கினார். பட்டனைத் தட்டினார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு பாதத்தின் படம் வந்தது, மஞ்சளாக, அதன் கீழே கிளட்ச்சை அழுத்தவும் என்று எழுத்து. "இன்னும் கொஞ்சம் சார்." அழுத்தினார். கிளட்ச்சை அழுத்தவும். "முழுசா அமுக்கணுங்க சார், பாதியில நிக்குதாட்ட இருக்குது." குனிந்து பார்த்தார். செருப்பின் முன்பாதி பெடலின் விளிம்பில் இருந்தது, மீதி வெறும் காற்றில். அறுபத்து நான்கு வயது மனிதன் தன் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறான், அதை இருபத்து மூன்று வயதுப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "செருப்பு வழுக்குது," என்றார். அவள் "ஆமாங்க சார், டைல்ஸ் தரையில நடந்து வந்தா அப்படித்தான்," என்றாள். அவளுக்குத் தோன்றியிருக்குமோ? தோன்றியிருக்காது. தோன்றினாலும் சொல்ல மாட்டாள், விற்க வந்தவள். ஜெயமணி அந்தப் பக்கம் திரும்பி எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

சர்க்கரை டாக்டர் போன ஐப்பசியில் ஒரு சோதனை வைத்தார். கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு குச்சியின் முனையில் இருந்த நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். தெரியும்போது தெரியுது என்று சொல்லணும், அவ்வளவுதான். வலது பாதத்தில் தெரிந்தது. இடது பாதத்துக்குப் போனபோது ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு, மின்விசிறிச் சத்தம். ஆனால் டாக்டர் உட்கார்ந்திருந்த சக்கர ஸ்டூல், அவர் குத்துவதற்காக முன்னால் சாயும்போதெல்லாம் கிறீச்சென்றது. சென்னியப்பன் ஸ்டூலைக் கேட்டுச் சொன்னார். தெரியுது. தெரியுது. இப்பத் தெரியுது. பத்தில் ஒன்பது. "பரவாயில்லையே," என்றார் டாக்டர். முப்பத்தொரு வருடம் வார்ப்படத்தைத் தட்டிக் கேட்ட காது. தேறாத சரக்கைத் தேறியதென்று கடத்துகிற சப்ளையர்களை எத்தனை பேரைப் பிடித்திருப்பார், மாக்கு பூசி ஓட்டையை மறைத்து மேலே பெயிண்ட் அடித்துக் கொண்டுவருவார்கள், நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும், "இந்த வேலைக்குப் போயி பிச்சை எடுக்கலாம்," என்று ஒரு தடவை ஒருவரிடம் எல்லார் முன்னாலும் சொன்னார், அந்த ஆள் பெயர் இப்போது நினைவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்ற வழுக்கைதான் நினைவிருக்கிறது. ஏன் மறைத்தார்? வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்றா? அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது, அதற்கு வார்த்தை போட அவரால் முடியவில்லை. கிளப்பில், கல்யாண வீட்டில், ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் சொல்வது ஒன்று உண்டு. "அது பொம்மைக் காருங்க. கால் இல்லாதவனுக்கு செஞ்சது." எல்லாரும் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிப்பார்கள். புதுசு எடுத்தால் டீசல்தான், கியர்தான், இழுவை என்றால் அதுதான் இழுவை என்று வரதராஜிடம் போன வாரம்கூடச் சொல்லியாகிவிட்டது. புதுசு எடுக்க வேண்டிய அவசியம் என்ன என்று பார்த்தால் அதுவும் அன்றைய கேட்டுப் பேச்சில்தான் போய் முடிகிறது. கிளட்ச் கெட்டுப்போன வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பழுது பார்த்தாயிற்று என்றால் யாரிடம் என்பார்கள். அதனால் ஐந்து மாதம் உறை போட்டு நிறுத்தியிருந்தார், வாரம் ஒருமுறை வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைப்பது, இன்று காலை இங்கே கொண்டுவந்ததுகூட ஷோரூம் ஆள்தான் வந்து ஓட்டி வந்தது. ஒரு நான்கு நொடி வாக்கியத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு புது வண்டி.

ஜெயமணிக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியில்தான் மனம் வந்து வந்து சிக்கியது. மார்ச் மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஜெயமணி எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அசையாதீங்க," என்றாள். என்னவென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். இடது குதிகாலில் இருந்து ஒரு குண்டூசியை இழுத்து எடுத்தாள், முழு ஊசி, தலை மட்டும் வெளியே தெரிந்திருக்க வேண்டும், காலண்டர் மாட்டும்போது விழுந்தது. காலையில் இருந்து அதோடுதான் நடந்திருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், மாடிப்படி ஏறியிருக்கிறார். ரத்தம் ஒரு பொட்டு. அவள் முகத்தைப் பார்த்தார், கத்துவாள் என்று நினைத்தார், ஏனுங்க இது தெரியலையா என்பாள், அழுதாலும் அழுவாள். ஒன்றும் இல்லை. ஊசியை முந்தானையில் துடைத்துத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள், டெட்டால் பஞ்சை அழுத்தி வைத்தாள், கீரைக்குத் திரும்பிப் போனாள். அன்று சாயங்காலத்தில் இருந்து வீட்டுக்குள் நடக்கவும் அவருக்கு ஒரு செருப்பு வந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்படியென்றால் கால் தெரியும். கால் தெரிந்தால் கிளட்ச் தெரியாதா? முப்பத்தெட்டு வருடம் ஒரு வீட்டில் இருக்கிறவள், ரேஷன் கடையில் பத்து கிராம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள், காலையும் நாற்காலியையும் சேர்த்துப் பார்க்க மாட்டாளா? தெரிந்துதான் இருக்கிறாள் என்றால் இத்தனை நாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த எண்ணம் வந்ததும் சென்னியப்பனுக்கு வண்டிக்குள்ளேயே இருந்துவிடலாம்போல் இருந்தது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

அங்கமுத்து ஒருமுறைதான் வந்தார். அந்த வாரமே, வியாழக்கிழமை. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆள். சனிக்கிழமை இரவே வேலை இருக்கிற வீட்டுக்காரர்கள் கார் சாவியைக் காவலாளி அறைப் பலகையில் மாட்டிவிடுவார்கள், என்ன வேலை என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்கும், விடிந்து வருகிற அங்கமுத்து யாரையும் எழுப்பாமல் கார் நிறுத்தத்திலேயே விரிப்பைப் போட்டுப் படுத்து வேலையை முடித்து, சீட்டின் பின்பக்கம் செய்ததை எழுதி, சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். இந்த ஒரு அடுக்ககம் இல்லை, அந்த வட்டாரத்தில் நாலு. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சேர்ந்தது. ஒருத்தர் சொல்லித்தான் நாலும் போனது, வாட்ஸப்பில் வந்தது குழு விட்டுக் குழு தாண்ட எவ்வளவு நேரம். வியாழக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். சென்னியப்பன் கீழே போனார். அங்கமுத்து கையைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், வேலை உடுப்பில் இல்லாமல் அந்த ஆளை அவர் பார்த்தது அன்றுதான். "சார், நான் பிளேட்டு போட்டா உக்காருமுங்க. இருவத்தி ரெண்டு வருசமாப் போடறேன். உங்களுக்கே தெரியும்." சென்னியப்பன் கேட்டுக் கம்பியைப் பார்த்தார். "தப்பு என்னுதுன்னா ஒத்துக்கறேனுங்க சார். காலைத் தொட்டுக்கூடக் கேட்டுக்கறேன். ஒரே ஒரு தடவ நான் ஓட்டிப் பாத்தர்றனுங்களா? இந்தச் சந்து முக்கு வரைக்கும். சாவி மட்டும் குடுங்க." சாவி சட்டைப் பையில் இருந்தது, துணிக்கு மேலே அதன் உருவம் தெரிந்தது, அங்கமுத்து அதைப் பார்த்தார் என்று சென்னியப்பனுக்கு நிச்சயம். "சாவி வீட்ல இருக்குது. அப்புறம் பாக்கலாம்," என்றார். "எப்பன்னு சொன்னா வரனுங்க." "சொல்லி அனுப்பறேன்." அங்கமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது சுவரில் சிமெண்ட் பூசிய இடத்தை ஒரு நிமிடம் நின்று தடவிப் பார்த்தார். மோதிய உயரம், மோதிய கோணம், ஒரு மெக்கானிக்குக் கணக்குப் போட அது போதும். திரும்பி ஒருமுறை சென்னியப்பனின் காலைப் பார்த்தாரா? பார்த்த மாதிரி இருந்தது. கால்களையா, செருப்பையா, வெறும் தரையையா? எதைப் பார்த்தார் என்பதை இன்றுவரை அவரால் முடிவு செய்ய முடியவில்லை, ஒரு நாளைக்குக் கால் என்று தோன்றும், ஒரு நாளைக்குத் தரை.

பதினொன்று இருபது, மூன்று பேரும் மேஜைக்குத் திரும்பியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பழைய வண்டி வளைந்து வந்து நின்றது, சாம்பல் நிறம், முன் பம்பரில் கீறல். சொல்லிவிடலாம். பெலிக்ஸ் வந்து கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம், வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணினார், பரிசோதனை அறிக்கை எழுதுகிற மாதிரி, குறைபாடு இது, காரணம் இது. தப்பு வண்டியில் இல்லை. தப்பு வண்டியில் இல்லை, என் காலில். இல்லை, காலில் என்றால் கால்மேல் பழி போடுவது, தலையை ஆட்டியது கால் இல்லையே. தப்பு என்னுது. அங்கமுத்துவின் வார்த்தை அது, தப்பு என்னுதுன்னா ஒத்துக்கறேன், அதை அவரிடம் இருந்து எடுத்துத் தான் பேசுவது எப்படி? இங்கே, இந்தப் பெண் முன்னாலா? வரதராஜிடம் முதலில் சொல்ல வேண்டாமா? குழுவில் எழுதலாம், எழுதினால் இருபத்தெட்டுப் பேரும் படிப்பார்கள், அதன் கீழே என்ன போடுவார்கள், கும்பிட்ட கையா? இதற்குள் பெலிக்ஸ் உள்ளே வந்துவிட்டார். வெயிலில் வந்த முகம், ஆனால் திருப்தியான முகம். மேஜைக்கு வந்து தாளை வைத்தார். "வண்டி நல்லா வச்சிருக்கீங்க சார். பம்பர் அடி ஒண்ணுதான். பேட்டரி கொஞ்சம் டல்லு, நிறுத்தியே வச்சிருந்தீங்களாட்ட இருக்குது." சென்னியப்பன் தலையை ஆட்டினார். "கிளட்ச் புதுசா மாத்துனதுங்களா?" ஜெயமணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆமாங்க," என்றார் சென்னியப்பன். "யாருங்க சார் மாத்துனது? சும்மா கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. பதினோரு வருச வண்டில இப்படி உக்காந்த பிளேட்டு நான் பாத்ததில்லீங்க. எங்க கம்பெனி ஆளுங்க போட்டாலே ஒரு நடுக்கம் இருக்கும். இது சும்மா அல்வாங்க." பெலிக்ஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "விசயம் என்னன்னா, நம்ம சிங்காநல்லூர் ஒர்க்ஷாப்புக்கு ஒரு சீனியர் மெக்கானிக்கு ரெண்டு மாசமாத் தேடிட்டு இருக்கறமுங்க. படிச்சவனுங்க வர்றானுங்க, கை இல்லை. இந்த ஆளு மாதிரி கை இருந்தா நாளைக்கே உள்ள கூட்டிக்கலாம். நம்பர் இருக்குங்களா சார்?"

நம்பர் இருந்தது. சட்டைப் பையில், போனுக்குள், அங்கமுத்து கார் என்ற பெயரில். எடுத்து வாசிக்கப் பத்து இலக்கம். வாசித்தால் பெலிக்ஸ் கூப்பிடுவார், உங்களைப் பற்றிச் சென்னியப்பன் சார்தான் சொன்னார் என்பார், எந்த சார், எந்த வண்டி, என்னதான் சொன்னார் என்று அங்கமுத்து கேட்பார், கிளட்ச் அல்வா மாதிரி இருக்கிறது என்று பெலிக்ஸ் சொல்வார். மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருக்கிறது, கிளட்ச் மிக நன்று, முத்திரை, கையெழுத்து, இன்றைய தேதி. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அங்கமுத்து வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்கு வருவார். வரதராஜ் படிப்பார். காவலாளி படிப்பார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், நின்ற இடத்திலேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அப்படியானால் நாற்காலி? இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் சென்னியப்பனுக்கு ஓடியது, கூடவே இன்னொன்றும் ஓடியது, அதைத்தான் பின்னால் அவரால் மன்னிக்க முடியவில்லை. நல்லவேளை, இந்த ஆளுக்கு அங்கமுத்துவைத் தெரியவில்லை என்ற நிம்மதி. "அது பொள்ளாச்சியில ஒருத்தர்ட்ட குடுத்துச் செஞ்சதுங்க," என்றார். "நம்பரெல்லாம் இல்லை." குரல் நன்றாகவே வந்தது. தேறியது என்று சொல்லும்போது வருகிற அதே குரல். "அடடா," என்றார் பெலிக்ஸ், உண்மையான வருத்தத்தோடு. "பேராவது?" "ஞாபகமில்லீங்க." ஜெயமணி அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை, கேட்கிற பார்வையும் இல்லை. அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர்கள் உள்ளே இருப்பவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போவார்களே, அப்படி ஒன்று. அவள் அங்கமுத்து என்று சொல்லியிருக்கலாம். ஒரு பெயர், ஆறு எழுத்து. அங்கமுத்துவின் வீட்டுக்காரி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீர்ச் சேலை எடுத்துக்கொண்டு போனவள் அவள். சொல்லவில்லை. சுகன்யாவின் பக்கம் திரும்பி, உரக்க, கலகலவென்று, கல்யாண வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். "கண்ணு, எனக்கு அந்த ஆட்டோமேட்டிக்கே போட்டுரும்மா. இனிமேல் நானும் ஓட்டிப் பழகலாம்னு இருக்கறேன். இவரு டீசலு டீசலுன்னு குதிப்பாரு, அதக் கேக்க வேண்டாம். எனக்கு முட்டி வலி வேற. இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டியாப் பாத்துக் குடு." சுகன்யா கை தட்டினாள். "சூப்பருங்கம்மா! சார், அம்மா சொல்லிட்டாங்க, அவ்வளவுதானுங்க." "வீட்ல கவர்மெண்ட்டு யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க சார்," என்று பெலிக்ஸ் சிரித்தார். சென்னியப்பனும் சிரிக்க வேண்டியிருந்தது. ஜெயமணிக்கு முட்டி வலி கிடையாது. மருதமலைப் படி எண்ணூற்றுச் சொச்சமும் நிற்காமல் ஏறுவாள்.

கையெழுத்துப் போட்டார். டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக், வெள்ளை. ஓட்டுநர் இருவர் என்று ஒரு கட்டத்தில் நிரப்பச் சொன்னார்கள், ஜெயமணி தன் பெயரைத் தானே எழுதினாள். வெளியே வெயில். ஆட்டோ பிடித்தார்கள். லட்சுமி மில் தாண்டும்போது அவள், "மத்தியானத்துக்கு ரசம் மட்டும் வச்சா போதுமுங்களா?" என்றாள். "போதும்," என்றார். அவள் பார்வை தெருவில் இருந்தது. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்துப் பார்த்தார். ஆட்டோமேட்டிக். கால் நழுவ அதில் இடம் இல்லை, இனி யார் நாற்காலியும் பிளக்காது, அதை அவர் வாய் திறந்து கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, ஊரில் சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது, வீட்டுக்காரிக்கு முட்டி வலி, அவளே ஓட்டப் பழகுகிறாள். இதைவிடச் சுத்தமாக மாக்கு பூச யாராலும் முடியாது. நகத்தால் சுரண்டினாலும் தெரியாது. அவருக்காகப் பூசியது அவள் என்பது ஒன்றுதான் குறை. அவருடைய அழுக்கில் அவளையும் கை வைக்க வைத்தாயிற்று, அந்தக் கையால் இனிமேல் அவளால் அவரைச் சுட்டிக் காட்டவும் முடியாது. போனை எடுத்தார். அங்கமுத்து கார். பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றது, ஆட்டோ குலுங்கியது, ஒரு குலுக்கலில் தானாக அழுந்திவிடாதா என்று இருந்தது, தானாக அழுந்தினால் அது தான் செய்ததாகாது, இந்த நேரத்திலும் இப்படித்தான் தோன்றியது. சாயங்காலம் பேசலாம். வெயில் தாழட்டும். வேலை இருக்கிறதாம், சிங்காநல்லூரில், போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்லலாம், வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதை மட்டும் சொன்னால் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது என்பதை முதலில் யோசித்து வைத்துக்கொண்டு பேசலாம். பக்கத்தில் ஜெயமணி, போனைப் பார்க்காமலே, "பேசுங்களேன்," என்றாள். ஆட்டோச் சத்தத்தில் கேட்காத மாதிரி அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, கார் மெக்கானிக் அங்கமுத்து, வயது 46, நீலிக்கோணாம்பாளையத்தில் வாடகைக்கு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்துவிட்டு, பல்லடம் அருகே ஒரு கோழிப்பண்ணையில் தீவன வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார்.